மொதப் பழத்துக் கேசு

அந்த பாரத்துல இருபத்தொரு கேள்வி. பதிமூணு வரைக்கும் பேனா நிக்காம ஓடுச்சு. பதினாலாவதுல 'இல்லை'ங்கற கட்டத்துல டிக் அடிக்கப் போனேன், கவியா என் கையப் புடிச்சுட்டா.

"கொஞ்சம் இருங்கக்கா."

நான் அமலி. ஒத்தமரத்து முக்குல, போலீஸ் ஸ்டேஷனுக்கு நேர் எதிர்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். போர்டுலதான் ஜெராக்ஸ். உள்ளார வந்தா மனு எழுதுவேன், ஆன்லைன்ல அப்ளிகேஷன் போடுவேன், லேமினேஷன் பண்ணுவேன். எங்கப்பனும் ஆத்தாளும் காப்பி எஸ்டேட்ல கவாத்துக்கும் களைக்கும் போயி முதுகு ஒடிஞ்சவங்க. நான் டைப்பு படிச்சதால நெழல்ல உக்காந்து பொழைக்கறேன். அமலிக்கு வாய் நீளம்னு ஊர்ல பேச்சு. ஸ்டேஷனுக்கு எதிர்ல கடை போட்டவளுக்கு வாயும் இல்லைன்னா கடையத் தூக்கிட்டுப் போயிருவாங்க.

அன்னைக்கு சனிக்கெழமை. ஆடிச் சாரல் மூணு நாளா விடாம புடிச்சிருந்துச்சு. மேகம் ரோட்டு வரைக்கும் எறங்கி, எதிர்த்தாப்புல இருக்கற ஸ்டேஷன் போர்டே தெரியல. அந்த மழையில செம்மநத்தத்துல இருந்து மூணு பேரும் வந்திருந்தாங்க. கவியா, அவ அப்பன் மாதப்பன், ஆத்தா வேலம்மாள். கவியா போலீஸ் வேலைக்குத் தேர்வாயிட்டா. பரிச்சை எழுதி, நீளம் தாண்டி, ஓட்டத்துல மொதலா வந்த புள்ள. நாலு வருசமா விடியக்காலையில எஸ்டேட் ரோட்டுல அவ ஓடறதப் பாத்துத்தான் பால்காரரு மணி தெரிஞ்சுக்குவாரு. எல்லாம் முடிஞ்சு இந்த ஒரு பாரம்தான் பாக்கி. திங்கக்கெழமை காலையில பத்து மணிக்குள்ள சேலத்துல குடுத்தாகணும்.

நின்னுபோன கேள்வி இதுதான். 'தங்கள் மீது எப்போதேனும் குற்ற வழக்கு பதிவு செய்யப்பட்டுள்ளதா? ஆம் / இல்லை.' அதுக்குக் கீழ தடிச்ச எழுத்துல, உண்மையை மறைத்தால் தேர்வு ரத்துன்னு போட்டிருந்துச்சு.

"உம்மேல என்ன கேசு கண்ணு இருக்கப் போவுது? ஓட்டமா ஓடி கோழிய முட்டுனியா?"ன்னேன்.

"கொரோனாவுல நம்ம வண்டியப் புடிச்சாங்கல்லக்கா" அப்படின்னா அவ.

பெஞ்சுல உக்காந்திருந்த மாதப்பண்ணன் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. வேலம்மாக்கா அவரப் பாக்காம மழையப் பாத்தாங்க. இந்தப் பேச்சு ஊட்டுலயே ஓடி முடிஞ்சுதான் வந்திருக்காங்கன்னு எனக்கு வெளங்கிருச்சு.

விசயம் இதுதான். வேலைக்குப் போற பொம்பளைங்களுக்கு மானியத்துல ஸ்கூட்டர் குடுத்தாங்க. கவியா அப்ப ஒரு நர்சரியில பூச்செடிக்குத் தண்ணி ஊத்தற வேலைக்குப் போயிட்டிருந்தா, அவ பேருல ஒண்ணு வாங்குனாங்க. எங்க மலையில பாதி வண்டி அப்படித்தான். ஆர்.சி. புக்குல பொம்பளை பேரு இருக்கும், சீட்டு மேல ஆம்பளை இருப்பாரு. யாரும் அத ஒரு தப்பா நெனச்சதே இல்ல.

"அண்ணா, நடந்தத மொதல்ல இருந்து சொல்லுங்க. எதையும் முழுங்காதீங்க"ன்னேன்.

மாதப்பண்ணன் துண்டால மொகத்தத் தொடச்சுக்கிட்டாரு. "எங்க ஊட்டு வழக்கம் உனக்குத் தெரியுமல்ல அம்மிணி. காட்டுல வருசத்துக்கு மொதப் பழுக்கற பலாவ நாங்க தொடமாட்டோம். சேர்வராயன் சாமிக்கு வெச்சுப்போட்டுத்தான் ரெண்டாவது பழத்துல கத்தி வெப்போம். அந்த வருசம் திருவிழாவே இல்லைன்னுட்டாங்க. கோயலையும் பூட்டிட்டாங்க. காட்டுல பழம் பழுத்துப் பழுத்து உழுவுது. சந்தைக்குத்தான் போகாது, நாமளாச்சும் திங்கலாம்னா மொதப் பழம் போகலையே. வெறும் ராகிக் களியும் கீரையுமா எத்தனை நாளைக்கு இருக்கறது? சரி, கோயல் வாசப்படியிலயாச்சும் வெச்சுட்டு வந்தரலாம்னு புள்ள வண்டியில பழத்தக் கட்டிக்கிட்டு வந்தேன். இந்த முக்குல புடிச்சுட்டாங்க."

"ஈ-பாஸ் வாங்கலையாண்ணா?"

"சாமிகிட்டப் போறதுக்கு சீட்டு எதுக்குன்னு நெனச்சுட்டேன் அம்மிணி."

வேலம்மாக்கா அப்பத்தான் வாயத் தொறந்தாங்க. "நாலு வருசமா இதையேதான் சொல்றாரு. சாமிக்குத் தெரியும், சாமிக்குத் தெரியும்னு. சாமியா வந்து இந்த பாரத்த ரொப்பும்?"

"உங்க பேரக் கேட்டாங்களாண்ணா?"

"கேக்கலையே. ஆர்.சி. புக்கக் கொண்டான்னாங்க. அதப் பாத்து ஒரு நீளத் தாள்ல எழுதுனாங்க. எழுதுனது எம்புள்ள பேரு. என் ரெண்டு கண்ணால பாத்தேன். அப்பறம் பொழுதோட ஒரு தாளக் காட்டி கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டுட்டு ஊட்டுக்கு நடந்துட்டேன்."

"வண்டிய உட்டப்ப நானும் வந்து கையெழுத்துப் போட்டேன்க்கா"ன்னா கவியா. "ஓனருதான் போடணும்னாங்க. நாலஞ்சு தாளு. படிக்க உடல, பின்னாடி நூறு பேரு நின்னாங்க. அதுல என்ன எழுதியிருந்துச்சோ."

அந்த கேசையெல்லாம் அரசாங்கம் வாபஸ் வாங்கிருச்சு, அது நெசம். ஆனா பாரம் கேக்கறது இப்ப கேசு இருக்கான்னு இல்ல, எப்பவாச்சும் பதிவாச்சான்னு. இல்லைன்னு எழுதி, உள்ளார கம்ப்யூட்டர்ல அவ பேரு இருந்துச்சுன்னா, மறைச்சுட்டான்னு வேலை போயிரும். ஆமான்னு எழுதி, கேசே இல்லைன்னா, இல்லாத கேச தானே இழுத்து மேல போட்டுக்கிட்டு, எத்தனை ஆபீஸ் ஏறி எறங்கறது? ரெண்டு கட்டம். ஒண்ணுல டிக் அடிக்கணும். நாலு வருச ஓட்டமும் அந்த டிக்குல நின்னுச்சு.

மொதல்ல கம்ப்யூட்டர்ல பாத்தேன். கேசு நம்பரு கேக்குது, நம்பரு யாருகிட்ட இருக்கு? மழைக்கு நெட்டும் சுத்துது சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. குடையப் புடிச்சுக்கிட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போனோம். கேசு எழுதற ரைட்டர் ராஜ்குமார் புதுசா வந்தவரு, நல்ல மாதிரி.

"அந்த வருசத்துக் கட்டு மட்டும் பின்னாடி ரூமு நெறைய இருக்குதுங்கக்கா. எண்ணூத்துச் சொச்சம் கேசு. நம்பரும் தெரியாது, தேதியும் தெரியாதுன்னா எங்கன்னு தேடறது? அப்ப ரைட்டரா இருந்தவரு தனபால் ஐயா. அவரு எந்தக் கட்ட எங்க சொருவுனாருன்னு அவருக்குத்தான் தெரியும். ரிட்டயர்டு ஆகி வெள்ளக்கடை ஊர்ல இருக்காரு" அப்படின்னாரு.

"அவரு சொன்னா தேட உடுவீங்களா?"

"அவரு வந்தா நானும் சேந்து தேடறேன். வாரக் கடைசி, டூரிஸ்ட்டு வண்டி ஏறறதுக்குள்ள வாங்க."

வேலம்மாக்காவக் கடையில உக்கார வெச்சேன். யாரு வந்தாலும் மெஷின் ரிப்பேருன்னு சொல்லுங்கன்னேன். அப்பனும் மகளும் அவங்க வண்டியில, நான் என் வண்டியில வெள்ளக்கடைக்குக் கெளம்பிட்டோம். வளைவுக்கு வளைவு மேகம் ரோட்ட மறிச்சுக்கிட்டு நின்னுச்சு. எஸ்டேட்ல பொம்பளைங்க மழைக்குச் சாக்கத் தலையில கொங்காணியாப் போட்டுக்கிட்டு களை வெட்டிட்டிருந்தாங்க, தலையத் தூக்காம.

தனபால் ஐயா ஊட்டுக்குப் பின்னால தகரக் கொட்டாயில உக்காந்து, காப்பி நாத்துக்கு பிளாஸ்டிக் பையில மண்ணு ரொப்பிட்டிருந்தாரு. முப்பத்தாறு வருசம் காக்கி போட்ட மனுசன், லுங்கிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, கையெல்லாம் செம்மண்ணு. பத்து பத்துப் பையா வரிசை கட்டி வெச்சிருந்தாரு. என்னப் பாத்ததும் சிரிச்சாரு. நான் எழுதுன மனுவ எத்தனையோ தடவை வாங்கி, இதுல தப்பு அதுல தப்புன்னு திருப்பி அனுப்புனவரு.

விசயத்தச் சொன்னேன். சிரிப்பு நின்னுபோச்சு.

"ஆர்.சி. பாத்துத்தான் எழுதுனோம். அண்ணன் சொல்றது நெசந்தான்"னாரு.

மாதப்பண்ணன் கொட்டாய்க் காலப் புடிச்சுக்கிட்டாரு.

"என்னங்கய்யா இப்புடி? ஓட்டுனவன உட்டுப்போட்டு ஊட்டுல இருந்தவ மேல கேசா?"ன்னு நான் கத்திட்டேன்.

"அமலி, அந்த வருசம் எப்புடி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா? நீ எதிர்லதான் இருந்த"ன்னாரு. மண்ண ஒதறிட்டு கைய மடியில வெச்சுக்கிட்டாரு. "வருசத்துக்கு அறுவது எழுவது கேசு வர்ற ஸ்டேஷன் இது. மொளகுக் களவு, லாட்ஜு தகராறு, தண்ணியப் போட்டுட்டு வளைவுல உருளற வண்டி. அத்தோட சரி. அந்த வருசம் ரோட்டுல ஈ காக்கா இல்ல. பஸ் ஸ்டாண்டுல காட்டெருமை படுத்து அசை போடுது. களவு ஒண்ணு கூட இல்ல. எல்லாரும் ஊட்டுலயே கெடந்தா எவன் எந்த ஊட்டுல பூருவான்? விபத்து இல்ல. மலையே திருந்திருச்சுன்னு நெனச்சேன். ஆனா தெனமும் காலையில மேல இருந்து போன் வரும். நேத்து எத்தனை கேசுன்னு. பத்துன்னு சொன்னா, பக்கத்து ஸ்டேஷன்ல நாப்பதுங்கறாங்களேம்பாங்க. ஊரு சுத்துனான்னு ஒரு கேசு, மாஸ்க் போடலைன்னு ஒரு கேசு. ஆளு பத்தல. அஞ்சு பேரு ரோட்டுல நின்னா, எழுதறதுக்கு நான் ஒருத்தன். பேரு கேட்டு ஊரு கேட்டு எழுத நேரம் ஏது? காலையில முக்குல நின்னு ஆர்.சி. பாத்து ஒரு தாள்ல குறிச்சுக்குவோம். சாயங்காலம் அதப் பாத்து கேசா ஏத்திருவேன்."

அந்த வருசம் எனக்கும் நல்லா நெனப்பு இருக்குது. கடை பூட்டுனபடி கெடக்க, சன்னல் வழியா ஸ்டேஷனையே பாத்துட்டிருந்தேன். புடிச்சு நிறுத்துன ஸ்கூட்டருங்க மேல சருகு விழுந்து மூடி, ஒரு வண்டிக் கூடையில கோழி முட்டை போட்டுச்சு.

"அப்ப எம்பேருல கேசு இருக்குதுங்களா?"ன்னு கவியா கேட்டா. கொரலு நடுங்கல. அதுதான் எனக்கு இன்னும் சங்கடமா இருந்துச்சு.

"இரு சாமி, இன்னும் முடியல. ஒண்ணரை மாசம் இப்புடியே ஓடுச்சு. ஒரு நாள் மேல இருந்து ஒரு போன். ஏய்யா, உங்க மலையில ஆம்பளையே இல்லையா, நாப்பது கேசுல இருபத்தெட்டு பொம்பளையா இருக்குது, என்னய்யா எழுதற அப்படின்னு உட்டாங்க பாரு. அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. மானிய வண்டி எல்லாம். அன்னையில இருந்து ஓட்டுனவன் பேரத்தான் போட்டேன்."

"அது என்னைக்குங்க?"

"கோயல் திருவிழா நடக்க வேண்டிய வாரம். நாள் நெனப்பில்ல."

"நான் புடிபட்டதும் அந்த வாரந்தானுங்களே"ன்னாரு மாதப்பண்ணன், சன்னமா.

போனுக்கு முந்தியா, பிந்தியா? யாருக்கும் தெரியல. தகரத்து மேல மழை அடிச்சு ஊத்துச்சு.

"உங்க மூஞ்சி எனக்கு நெனப்பே இல்லீங்க. வண்டியில என்ன இருந்துச்சு?"ன்னு கேட்டாரு தனபால் ஐயா.

"ஒரு பலாப்பழமுங்க."

அவரு நிமுந்தாரு. "சாக்குல சுத்தி, கத்தாழை நாருல கட்டுன பழமா?"

"ஆமாங்க."

"அடக் கடவுளே. அது நெனப்பிருக்குது." பையில ஒரு புடி மண்ண அள்ளிப் போட்டாரு. "தின்னுட்டோமுங்க. ஆறு பேரு. ஓட்டல் டீக்கடை எல்லாம் மூடிக் கெடக்குது, அடிவாரத்துல இருந்து வர வேண்டிய சோத்துப் பொட்டலமும் வரல. மத்தியானம் மூணு மணி. அந்த மணத்துல இருக்க முடியல. கொட்டையக் கூட உடாம சுட்டுத் தின்னோம்."

"அது சேர்வராயனுக்குக் கொண்டுபோன மொதப் பழமுங்க."

தனபால் ஐயா மொகம் செத்துப்போச்சு. "சொல்லியிருக்கலாமுல்லங்க?"

"சொன்னேனுங்க. உங்க காதுல உழுகல."

"அதுக்கப்பறம் எட்டாம் நாள் எங்க ஆறு பேருத்துக்கும் காச்சல். ஸ்டேஷனையே பூட்டிட்டாங்க" அப்படின்னாரு. அத அவரு வெளையாட்டாச் சொல்லல. நான் சிரிப்ப அடக்க முந்தானைய வாயில வெச்சுக்கிட்டேன்.

அப்பத்தான் கவியா வேற ஒண்ணக் கேட்டா.

"அந்த வருசம் அடிதடி கேசு உண்டுங்களா?"

"இல்ல சாமி. களவும் இல்ல, அடிதடியும் இல்ல."

"வண்டி எடுக்க நான் வந்தன்னைக்கு வராந்தாவுல ஒரு அக்கா உக்காந்திருந்தாங்க. கன்னம் வீங்கி, கண்ணே தெரியல. புருசன் அடிச்சுட்டாருன்னு சொன்னாங்க. லாக்டவுன் முடியட்டும், அப்பறம் வா, இப்ப வெளிய சுத்தக்கூடாதுன்னு சொல்லி அனுப்பிட்டீங்க. நாம்பாட்டுக்கு வண்டியத் தள்ளிட்டு வந்துட்டேன். நான் அந்த மேசையில உக்காந்திருந்தா எழுதியிருப்பேன்னு வழியெல்லாம் நெனச்சேனுங்க. அன்னையில இருந்துதான் ஓட ஆரம்பிச்சேன்."

எனக்கே இது புதுசு. சம்பளத்துக்காகத்தான் இந்தப் புள்ள ஓடுதுன்னு நான் நெனச்சிட்டிருந்தேன்.

தனபால் ஐயா கால்கிட்ட இருந்த பைய எடுத்து, ஓரத்துல வெச்சாரு. "புஷ்பலதா"ன்னாரு. "எண்ணூறு பேரு எழுதுனேன், ஒருத்தன் பேரும் நெனப்பில்ல. எழுதாம உட்டது அந்த ஒரு பேரு. அது மறக்கல. எழுதாததால அடிதடி இல்லைன்னு கணக்கு ஆயிருச்சு."

"இப்ப அவங்க எங்க இருக்காங்க?"

"அடிவாரத்துல பூ கட்டி விக்குது. அந்தாளோட இல்ல. நல்லா இருக்குது. பஸ்ஸுல எறங்கறப்ப என்னப் பாத்தா மொகத்தத் திருப்பிக்கும். திருப்பத்தானே வேணும்." எந்திரிச்சு தொட்டியில கையக் கழுவுனாரு. "வாங்க, போலாம். கட்டு எந்த மூலையில இருக்குதுன்னு எனக்குத் தெரியும்."

அவரு கவியா வண்டியில, பின்னால ஏறி உக்காந்தாரு. அவரே புடிச்சு நிறுத்துன அதே வண்டி. மாதப்பண்ணன் என் வண்டியில ஏறுனாரு. பாதி வழியில, "அம்மிணி, எம்பேரு இருந்தா நல்லா இருக்கும்"னாரு. கேசுல தன் பேரு இருக்கணும்னு வேண்டிக்கிட்ட ஆள நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

பின்னாடி ரூமுல ஒரே பூசண வாசம். பழைய ஹெல்மெட்டு, ஒடஞ்ச நாற்காலி, புடிச்ச சாராயக் கேனு எல்லாம் நகத்திட்டு தனபால் ஐயா உள்ளார போனாரு. ராஜ்குமார் செல்போன் லைட்ட அடிச்சாரு. ஐயா செவப்புக் கயிறு கட்டுன கட்டு ஒண்ண உருவி, தும்மி, மேசையில கொண்டாந்து போட்டாரு.

"மே மாசம் இது."

நீளத் தாளுங்க. ஒரு நாளைக்கு ஒண்ணு. வண்டி நம்பரு, பேரு, நேரம். அவரு எச்சித் தொட்டுத் தொட்டுத் திருப்புனாரு. கலா, அம்சவேணி, காளியாயி, ராணி. தாளு பூரா பொம்பளைங்க. ஆம்பளை பேரு நடுவுல ஒண்ணு ரெண்டு.

"காயத்ரி"ன்னு ஒரு பேருல விரல வெச்சாரு. "இது வரைக்கும் ஓட்டுனவன் பேர மாத்தல."

அடுத்த தாளத் திருப்புனாரு. அதுலயும் பொம்பளை பேருங்கதான். ஆனா ஏழு பேரு மேல செவப்பு மையில கோடு. நாலாவது வரியில கவியா நம்பரு. பேரு, கவியா, த/பெ மாதப்பன். 'கவியா'வ செவப்புல அடிச்சு, 'மாதப்பன்'ங்கறத மட்டும் வட்டம் போட்டு வெச்சிருந்துச்சு.

"அப்ப அன்னைக்கு மத்தியானந்தான் போன் வந்திருக்குது"ன்னாரு தனபால் ஐயா. அவரு கொரலும் லேசாயிருச்சு. "காலையில மக பேரக் குறிச்சேன். சாயங்காலம் அடிச்சுட்டு அப்பன் பேர ஏத்திட்டேன். ஆர்.சி.லயே அப்பன் பேரு இருந்துச்சு, தேடற வேலை இல்ல."

"தாள்ல சரி. கேசுல எப்புடி இருக்குதுன்னு பாருங்க"ன்னேன். நான் எதையும் பாதியில நம்பறவ இல்ல.

ராஜ்குமார் அந்த நம்பர வெச்சு கேசுத் தாள எடுத்தாரு. சத்தமாப் படிச்சாரு. "குற்றஞ்சாட்டப்பட்டவர், மாதப்பன், செம்மநத்தம். ஊரடங்கு உத்தரவை மீறி, இருசக்கர வாகனத்தில், ஒரு பலாப்பழத்துடன், தக்க காரணமின்றி சுற்றித் திரிந்தவர்." அதுக்குப் பின்னால பின் அடிச்ச நாலஞ்சு தாள்லயும் கவியா கையெழுத்து. எல்லாம் வண்டிய வாங்கிக்கிட்டேன்னு ஓனரு போட்டது. அதுல வேற ஒண்ணும் இல்ல. எங்கயும் இல்ல. அவ மேல ஒரு எழுத்து இல்ல.

கவியா செவுத்துல சாஞ்சுட்டா. அழுகவும் இல்ல, சிரிக்கவும் இல்ல. அப்பன் கையப் புடிச்சு தன் நெத்தியில வெச்சுக்கிட்டா.

மாதப்பண்ணன் ராஜ்குமாரப் பாத்து, "இன்னொருக்காப் படிங்க சாமி"ன்னாரு.

படிச்சாரு.

"எம்பேருதானுங்களே?"

"உங்க பேரேதானுங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. வேற மாதப்பன் இல்லையே?"

"பலாப்பழத்தோட புடிபட்டது நீங்க ஒருத்தருதாங்க" அப்படின்னாரு ராஜ்குமார்.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, பூசணம்னு சொல்லித் தொடச்சுக்கிட்டேன். நாலு வருசம். அந்த மனுசன் புள்ள மொகத்தப் பாத்துச் சோறு தின்னு நாலு வருசம் இருக்கும். இன்னைக்குத் தான்தான் குத்தவாளின்னு தெரிஞ்சு, கல்யாண ஊட்டுக்காரர் மாதிரி எல்லாரையும் பாத்துச் சிரிக்கறாரு.

"இதுல ஒரு காப்பி வேணுமே"ன்னேன்.

"கேசுல இருக்கறவருக்கு மட்டுந்தாங்கக்கா குடுக்க முடியும்"னாரு ராஜ்குமார்.

"அது நாந்தானுங்க"ன்னு மாதப்பண்ணன் முன்னால வந்து நின்னாரு, ரேஷன் கடையில பேரு கூப்புட்ட மாதிரி.

கட்டத் திரும்பக் கட்டறப்ப கவியா முந்தின தாள்ல இருந்த அந்தப் பேர எட்டிப் பாத்தா. "இந்த காயத்ரிக்குத் தெரியுமுங்களா, அவங்க மேல கேசு இருக்கறது?"

"தெரிஞ்சிருக்காது"ன்னாரு தனபால் ஐயா.

"அப்ப சொல்லணுமுங்க"ன்னா. செல்போன்ல அந்த அட்ரஸ்ஸக் குறிச்சுக்கிட்டா. ராஜ்குமார் பாத்தாரு, தடுக்கல.

கடைக்கு வந்தா, வேலம்மாக்கா எந்திரிச்சு நின்னாங்க. ஆளாளுக்கு ஜெராக்ஸுன்னு வந்திருப்பாங்க போல, அத்தனை பேரையும் தொரத்திட்டு, ஒரு மெஷினையும் தொடாம, கைய முந்தானைக்குள்ள வெச்சபடி இருந்திருக்காங்க. எங்க மொகத்தப் பாத்ததும் அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. இருந்தாலும் வாய் உடுமா?

"யாரு பேருல?"

"எம்பேருலதான்"னாரு மாதப்பண்ணன்.

வேலம்மாக்கா பெஞ்சுல பொத்துனு உக்காந்துட்டாங்க. "இந்தாளு பண்ணுனதுலயே உருப்படியான காரியம் இதுதான்"னு சொல்லிட்டு அழுதுட்டாங்க. அழுதுக்கிட்டே சிரிச்சாங்க. தனபால் ஐயா வாசல்லயே நின்னாரு. உள்ளார வாங்கன்னு கூப்புட்டேன்.

"பழத்தத் தின்னவருங்களா?"ன்னு கேட்டாங்க வேலம்மாக்கா.

"ஆமாங்கம்மா. இந்த வருசம் எந்தோட்டத்துல பலா கடைசிப் பறி நிக்குது. நானே கொண்டுபோயி வெச்சுடறேன்."

"கடைசிப் பறிய எவன் கேட்டான்? வர்ற வருசம் மொதப் பழத்துக்கு எங்கூட வாங்க"ன்னாரு மாதப்பண்ணன். "பசிச்ச ஆறு பேரு தின்னது. சேர்வராயன் வாங்கிக்கிட்டான்னுதான் வெச்சுக்கறேன்." அவரு மனசாரத்தான் சொன்னாரு. அன்னைக்கு அவருகிட்ட யாரு என்ன கேட்டாலும் குடுத்திருப்பாரு.

பக்கத்துக் கடையில இருந்து அஞ்சு காப்பி வந்துச்சு. குடிச்சு முடிச்சதும் மாதப்பண்ணன் அந்த கேசுக் காப்பிய ரெண்டு கையாலயும் நீட்டுனாரு.

"அம்மிணி, இதுக்கு லேமினேஷன் போட்டுக் குடு."

"இதுக்கு எதுக்குண்ணா? சர்ட்டிபிகேட்டா இது?"

"ஓதம் ஏறிப் போயிருமல்ல."

போட்டுக் குடுத்தேன். சூடு ஆறாத தாள மடியில வெச்சு, துண்டால ஒருக்கா தொடச்சாரு.

நான் பாரத்த எடுத்தேன். பதினாலாவது கேள்விய இன்னொரு தடவை சத்தமாப் படிச்சேன், எல்லாருக்கும் கேக்கட்டும்னு. பேனாவ கவியா கையிலயே குடுத்துட்டேன். அவ 'இல்லை'ங்கற கட்டத்துல டிக் அடிச்சா. அழுத்தி, அடித் தாளு வரைக்கும் பதியற மாதிரி அடிச்சா.

என் தோளுக்குப் பின்னால இருந்து மாதப்பண்ணன் எட்டிப் பாத்தாரு.

"அம்மிணி, கீழ எடம் இருந்தா எம்மேல இருக்குதுன்னு எழுதிரு. கேட்டாங்கன்னா தெரியட்டும்."

"அதுக்கு இதுல எடம் இல்லீங்கண்ணா"ன்னேன்.

"அப்புடியா"ன்னுட்டு லேமினேஷன் தாள மடியில திருப்பி வெச்சுக்கிட்டாரு. கொஞ்சம் ஏமாத்தமாத்தான் இருந்துச்சு அவருக்கு.